இந்தச் சுவர் யாருது? சிகாகோ பில்சனின் தேவாலயங்களும் தெரு ஓவியங்களும்

இன்றைக்கு நாம் சிகாகோ போகிறோம். கதை ஒரு சாம்பல் நிற பெயிண்ட்டில் ஆரம்பிக்கிறது.

2017 ஜூன் மாதம். சிகாகோவில் பில்சன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ரசீன் அவென்யூவில் ஒரு பழைய கட்டடம். பெயர் காசா அஸ்த்லான். அதன் முகப்பு முழுக்க ஓவியங்கள், கண்ணைப் பறிக்கிற நிறங்களில். 1970களில் அந்த ஏரியா மெக்ஸிகோ மக்கள் வரைந்தவை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தெருவின் அடையாளமே அதுதான். ஒரு நாள் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்தால், ஓவியம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறச் சுவர். கட்டடத்தை வாங்கியவர் அதை அபார்ட்மென்ட் ஆக்கப் போகிறார், அதற்காகப் பெயிண்ட் அடித்துவிட்டார். அவர் செய்தது தப்பா? சட்டப்படி பார்த்தால் அவருடைய சுவர், அவருடைய பெயிண்ட்.

இரண்டு வருஷம் கழித்து, 2019 ஜூலை. அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் புனித அடால்பர்ட் தேவாலயம். 185 அடி உயரத்துக்கு இரட்டைக் கோபுரம். பில்சனில் எந்த மூலையில் நின்றாலும் கண்ணில் படும். அந்த மாதம் அங்கே கடைசித் திருப்பலி நடந்தது, அதோடு கதவை மூடிவிட்டார்கள். கூலிவேலை செய்த மக்கள் காசு போட்டுக் கட்டிய கோயில் அது. ஆனால் அதை மூடும் முடிவு அவர்கள் கையில் இல்லை.

ஒன்று சர்ச், ஒன்று தெரு ஓவியம். ஒன்று ஐரோப்பிய சமாச்சாரம், இன்னொன்று மெக்ஸிகோ சமாச்சாரம். வேறு வேறு கதை மாதிரி தெரியும். இரண்டும் ஒரே கதைதான் என்று சொல்லத்தான் இந்த எபிசோட். அந்தக் கதைக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு சுவர் யாருக்குச் சொந்தம்? பத்திரத்தில் பெயர் இருக்கிறவருக்கா, இல்லை அந்தச் சுவருக்கு அர்த்தம் கொடுத்தவர்களுக்கா?

பீர் பெயரில் ஓர் ஏரியா

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். பில்ஸ்னர் பீர் கேள்விப்பட்டிருப்பீர்கள். செக் நாட்டில் ப்ளசென் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதை ஜெர்மன்காரர்கள் பில்சன் என்பார்கள். பீருக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான். சிகாகோவின் இந்தப் பகுதிக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான்.

1871 அக்டோபரில் சிகாகோ நகரத்தின் ஒரு பெரிய பகுதி தீயில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு செக் நாட்டுக்காரர்கள், அன்றைக்கு போஹீமியர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், நகரத்தின் தென்மேற்கில் ஆற்றை ஒட்டிய இந்த இடத்துக்குக் கூட்டம் கூட்டமாகக் குடிவந்தார்கள். காரணம் ரொம்ப எளிது. வேலை இங்கேதான் இருந்தது. ஆற்றங்கரையில் மர மண்டிகள், பக்கத்திலேயே ரயில் பாதைகள், தொழிற்சாலைகள்.

வேலை இருந்ததே தவிர வாழ்க்கை சுலபமாக இல்லை. 1877 ஜூலையில் அமெரிக்கா முழுக்க ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியைத் திரும்பத் திரும்பக் குறைத்ததுதான் காரணம். சிகாகோவில் அது ரத்தத்தில் முடிந்தது. ஹால்ஸ்டெட் தெருவும் 16வது தெருவும் சேர்கிற இடத்தில், மேம்பாலத்தை ஒட்டி, போலீசும் ராணுவமும் ஒரு பக்கம், தொழிலாளர்கள் ஒரு பக்கம். சுமார் 30 பேர் செத்துப்போனார்கள். செக் தொழிலாளர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இந்த 16வது தெருவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

எதுக்கு இத்தனை சர்ச்?

இன்றைக்கு பில்சனில் நடந்தால் முதலில் தோன்றுவது இதுதான்: இவ்வளவு சின்ன ஏரியாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெரிய தேவாலயங்கள்? அதுவும் பெரும்பாலும் எல்லாமே கத்தோலிக்க தேவாலயங்கள். ஒரே மதம், ஒரே திருப்பலி. அதுவும் அந்தக் காலத்தில் திருப்பலி லத்தீனில். அப்புறம் ஏன் ஒரே கோயில் போதவில்லை?

பதில்: மொழி. திருப்பலி லத்தீனில் இருந்தாலும் பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், பாட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தாய்மொழியில் வேண்டும் என்று குடிவந்தவர்கள் கேட்டார்கள். அதனால் அமெரிக்க நகரங்களில் ஒரு பகுதிக்கு ஒரு பங்கு என்பதோடு, ஒரு மொழிக்கு ஒரு பங்கு என்ற ஏற்பாடும் வந்தது. செக் மக்களுக்கு 1875-ல் புனித ப்ரொகோபியஸ் பங்கு தொடங்கியது. 18வது தெருவில் இன்றைக்கு நிற்கிற கோயிலை 1883-ல் கட்டினார்கள். ஐரிஷ்காரர்களுக்குப் புனித ஐந்தாம் பயஸ். போலந்துக்காரர்களுக்குப் புனித அடால்பர்ட். ஜெர்மானியர்களுக்குப் புனித பவுல். லித்துவேனியர்களுக்கு 'ப்ராவிடன்ஸ் ஆஃப் காட்'. ஸ்லொவேனியர்களுக்கும் குரோஷியர்களுக்கும் தனித்தனியாக.

ஊரில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், 'நாங்க யாரு' என்பதற்கு நிலத்தில் ஒரு ஆதாரம் வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த ஆதாரம்தான் இந்தக் கோபுரங்கள். பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே படுத்துத் தூங்குகிற வாழ்க்கை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகிற இடம் அரண்மனை மாதிரி இருக்க வேண்டும்.

சும்மா சொல்லவில்லை. புனித பவுல் தேவாலயத்தையும் புனித அடால்பர்ட்டையும் வடிவமைத்தவர் ஒரே கட்டடக் கலைஞர், ஹென்றி ஷ்லாக்ஸ். ஜெர்மானியர்களுக்கு 1890களின் கடைசியில் கோதிக் பாணியில், முழுக்கச் செங்கல்லில் கட்டிக்கொடுத்தார். போலந்துக்காரர்களுக்கு 1912-க்கும் 1914-க்கும் நடுவில், ரோம் நகரத்துப் பெரிய பசிலிக்காவை மனதில் வைத்து, கிரானைட் தூண்களும் பளிங்குப் பீடமுமாகக் கட்டினார். கிளையன்ட் வேற, ரெக்வயர்மென்ட் வேற. ஆனால் கேட்டது என்னவோ ஒன்றுதான்: எங்களைப் பார்த்தால் இந்த ஊர் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

முதல் சுவரோவியம் கோயிலுக்கு உள்ளே

பில்சன் சுவரோவியங்கள் என்று தேடினால் எல்லோரும் 1960களிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால் போகலாம் என்கிறேன்.

புனித அடால்பர்ட் தேவாலயத்துக்குள் நுழைந்து பீடத்தைப் பார்த்து நின்றால், இரண்டு பக்கமும் பெரிய ஓவியங்கள். ஒரு பக்கம் போலந்து ராணி யாத்விகாவுக்கும் லித்துவேனிய அரசர் யகய்லோவுக்கும் 1386-ல் நடந்த கல்யாணம். இன்னொரு பக்கம், 1655-ல் சுவீடன் படை முற்றுகையிட்டும் விழாமல் நின்ற யஸ்னா குரா மடம். பைபிளில் எங்கேயும் சுவீடன் படை வருவதில்லையே! அப்புறம் ஏன் ஒரு சிகாகோ கோயிலில் அந்தக் காட்சி?

அந்தக் கோயிலைக் கட்டிய வருஷங்களைக் கவனியுங்கள். 1912 முதல் 1914 வரை. அன்றைக்கு உலக வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதை 18ஆம் நூற்றாண்டிலேயே பங்கு போட்டுக்கொண்டன. 1918-ல்தான் நாடு திரும்ப வந்தது. ஆக, இல்லாத ஒரு நாட்டின் வரலாற்றை அந்த மக்கள் ஒரு சர்ச் சுவரில் சேமித்து வைத்தார்கள். 'எங்களை ஒருத்தன் முற்றுகை போட்டான், நாங்க விழல' என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஒரு படம்.

புனித அடால்பர்ட்டே செக் மண்ணில் பிறந்தவர், பிராகா நகரத்து ஆயர். அவரைத்தான் போலந்துக்காரர்கள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள். ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவர் எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது பில்சனில் மட்டும் நடந்த விஷயமில்லை. அந்தப் பெயரிலேயே அது இருக்கிறது.

ஆட்கள் மாறினார்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய குடும்பங்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. செக் மக்களில் நிறைய பேர் அதற்கு முன்பே மேற்கே நகர்ந்துவிட்டார்கள். கையில் காசு சேர்ந்தால் தோட்டத்தோடு வீடு, புறநகர் வாழ்க்கை. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் மெக்ஸிகோ மக்கள். எல்லோரும் விருப்பப்பட்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பில்சனுக்கு வடக்கே ஏற்கெனவே ஒரு பெரிய மெக்ஸிகோ குடியிருப்பு இருந்தது. 1950களிலும் 60களிலும் அங்கே நெடுஞ்சாலைகள் வந்தன, அப்புறம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் வந்தது. வளாகம் 1965-ல் திறந்தது. வீடுகள் இடிபட்டன. இடம்பெயர்ந்தவர்களில் பலர் தெற்கே பில்சனுக்கு வந்தார்கள். 1970 வாக்கில் இங்கே லத்தீன் அமெரிக்க மக்கள்தான் பெரும்பான்மை.

அவர்களும் கத்தோலிக்கர்கள். புதுக் கோயில் கட்டத் தேவையில்லை, ஏற்கெனவே கட்டியது நிற்கிறது. ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் ஒவ்வொரு பங்காக ஸ்பானிஷ் திருப்பலி வந்தது. போலிஷ் எழுத்துகள் பொறித்த சுவர்களுக்கு நடுவே மெக்ஸிகோ மாதா உருவங்கள் வந்தன. பழசை யாரும் அழிக்கவில்லை, அதன் மேலேயும் பக்கத்திலேயும் புதுசு சேர்ந்தது. என் வேலையில் இதைப் பழைய கோடைத் தொடாமல் புது ஃபீச்சர் சேர்ப்பது என்போம். சொல்ல ஈஸி, செய்ய கஷ்டம். இந்த மக்கள் செய்தார்கள்.

அவர்கள் கோயிலைத் தெருவுக்கும் கொண்டுவந்தார்கள். 1976 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பில்சனில் ஒரு குடியிருப்பில் தீப்பிடித்தது. குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். வந்த தீயணைப்பு வீரர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் கத்தியது அவர்களுக்குப் புரியவில்லை. அடுத்த வருஷம், 1977 புனித வெள்ளி அன்று, அந்த மக்கள் 18வது தெரு வழியாகச் சிலுவைப் பாதை நடத்தினார்கள். இயேசு, ரோமப் படைவீரர்கள், அழுகிற பெண்கள் என்று எல்லாம் அந்தத் தெருக்காரர்களே வேஷம் கட்டினார்கள். அது வருஷாவருஷம் நடக்கிற வழக்கமாகி, ஆயிரக்கணக்கான பேர் கூட நடக்கிற ஊர்வலமாக வளர்ந்தது. லித்துவேனியர் கட்டிய 'ப்ராவிடன்ஸ் ஆஃப் காட்' கோயிலில் தொடங்கி போலந்துக்காரர் கட்டிய புனித அடால்பர்ட் வரைக்கும், மெக்ஸிகோ மக்கள் சிலுவை சுமந்து போனார்கள். பில்சனின் மொத்த வரலாறும் அந்த ஒரு ஊர்வலத்தில் இருக்கிறது.

ஓவியம் தெருவுக்கு வந்தது

இப்போது சுவரோவியம். இதற்கு இரண்டு வேர்.

ஒன்று, மெக்ஸிகோ. 1920களில் அங்கே புரட்சி முடிந்த கையோடு, அரசாங்கமே ஓவியர்களைக் கூப்பிட்டுப் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் வரையச் சொன்னது. டியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். படிக்கத் தெரியாதவருக்கும் வரலாறு தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இன்னொன்று, சிகாகோவே. 1967-ல் நகரத்தின் தெற்குப் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு பழைய கட்டடச் சுவரில் 'மரியாதைச் சுவர்' என்று ஒன்றை வரைந்தார்கள். கறுப்பின மக்களின் தலைவர்கள், இசைக்கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் எல்லோரும் ஒரே சுவரில். யாரிடமும் அனுமதி கேட்டு வந்த அரசாங்கத் திட்டம் இல்லை அது. அமெரிக்காவின் சமூகச் சுவரோவிய இயக்கம் இங்கிருந்து தொடங்கியது என்று சொல்வார்கள். அந்தச் சுவரும் இன்றைக்கு இல்லை, 1971 தீ விபத்துக்குப் பிறகு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷமே, 1968-ல், பில்சன் ஹால்ஸ்டெட் தெருவில் மாரியோ காஸ்தில்லோ என்ற இளைஞர், ஏரியாப் பசங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சுவரோவியம் வரைந்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம், அவர் எடுத்துக்கொண்ட பொருள் அமைதி. அமெரிக்காவில் மெக்ஸிகோ வம்சாவளியினர் வரைந்த ஆரம்பகாலத் தெரு ஓவியங்களில் அதுவும் ஒன்று.

அப்புறம் வருகிறது நாம் ஆரம்பத்தில் பார்த்த காசா அஸ்த்லான். அந்த இடத்தின் கதையும் சுவாரசியம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஸ்பிடேரியன் சபைக்காரர்கள் செக் குடியேறிகளுக்காக நடத்திய சமூக இல்லம் அது. ஆள் மாறியதும் 1970-ல் பெயரும் மாறியது. இலவச மருத்துவம், ஆங்கில வகுப்பு, குடியுரிமைத் தேர்வுக்குப் பயிற்சி எல்லாம் அங்கே நடந்தன. வியட்நாம் போருக்குப் போய் வந்த ரே பட்லான் என்ற ஓவியர் அங்கே உள்ளேயும் வெளியேயும் வரைந்தார், பக்கத்துப் பிள்ளைகள் கூட நின்று வரைந்தார்கள்.

இப்போ புனித அடால்பர்ட்டின் உள்சுவரையும் காசா அஸ்த்லானின் வெளிச்சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் போலந்து ராணி, இன்னொன்றில் மெக்ஸிகோ மக்களின் வரலாறு. இரண்டும் ஊரை விட்டு வந்தவர்கள் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த பாடப்புத்தகம். போலந்துக்காரர்களுக்குச் சுவர் எழுப்பக் காசு சேர்ந்தது, உள்ளே வரைந்தார்கள். மெக்ஸிகோ மக்களுக்குக் கிடைத்தது அடுத்தவர் கட்டிய சுவர், அதனால் வெளியே வரைந்தார்கள்.

வெளியே வரைவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ரிவேரா வரைந்தது ஈரச் சுண்ணாம்புப் பூச்சில். நிறம் பூச்சோடு சேர்ந்து இறுகிவிடும். சிகாகோவில் வெறும் செங்கல்மேல் பெயிண்ட் அடித்தால், குளிர்காலத்தில் செங்கல்லுக்குள் போன தண்ணீர் உறைந்து விரியும், பெயிண்ட் செதில் செதிலாகக் கழன்று வரும். அதனால் தெரு ஓவியம் ஒருமுறை வரைந்துவிட்டுப் போகிற வேலை இல்லை. பத்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை யாராவது வந்து புதுப்பிக்க வேண்டும். வர ஆள் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு உயிர்.

16வது தெருவுக்கு வருவோம் என்றேன் இல்லையா? இன்று அந்தத் தெரு ஓரமாக ரயில் பாதையின் உயரமான கரைச்சுவர் நீளமாகப் போகிறது. அதில் ஓவியத்துக்குப் பின் ஓவியம். டூரிஸ்ட்கள் செல்ஃபி எடுக்கிற இடம். 1877-ல் கூலி கேட்டவர்கள் ஓடியதும் அதே தெருவில்தான்.

சட்டத்தைக் கேட்டால்

சரி, மெயின் கேள்விக்கு வருவோம். சுவர் யாருது?

தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு மக்கள் காசு போட்டுக் கட்டினாலும், சிகாகோவில் கத்தோலிக்கப் பங்குகளின் சொத்தெல்லாம் சட்டப்படி ஒரே பெயரில் இருக்கும்: சிகாகோவின் கத்தோலிக்க ஆயர். அந்தப் பதவியையே ஒரு நிறுவனமாகச் சட்டம் கருதுகிறது. ஆள் மாறுவார், பதவி தொடரும், சொத்து பதவியின் பெயரில். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டனில் 1897-ல் போலந்துக்காரர்கள் 'நாங்க கட்டின கோயில், எங்க பேர்ல இருக்கணும்' என்று சண்டை போட்டு, ரோமைவிட்டே பிரிந்து தனிச் சபை தொடங்கினார்கள். ஆக, இந்தச் சண்டை புதுசில்லை.

சிகாகோவில் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கிற சட்டம் உண்டு. ஆனால் வழிபாடு நடக்கிற கட்டடத்தை அதன் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 1987-லேயே விதி வந்துவிட்டது. பூசை நடக்கும்வரை நகராட்சி தலையிட முடியாது. பூசை நின்ற பிறகுதான் அந்தத் தடை விலகும் என்று வாதாடவே வழி பிறக்கிறது. ஒரு கோயில் செத்த பிறகுதான் காப்பாற்றப் பேச முடியும்!

பங்குகளைக் குறைக்க உயர்மறைமாவட்டத்துக்கும் காரணங்கள் இருந்தன. பூசைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், குருக்கள் குறைவு, கோபுரங்களைப் பழுதுபார்க்கப் பெருந்தொகை வேண்டும். அடால்பர்ட் கோபுரங்களைச் சுற்றிப் பல வருஷம் சாரம் கட்டியே வைத்திருந்தார்கள். கடைசியில் அந்தப் பங்கைப் புனித பவுல் பங்கோடு இணைத்தார்கள். 2022-ல் உள்ளே இருந்த வியாகுல மாதா சிலையையும் அங்கே எடுத்துப்போனபோது, பழைய பங்கு மக்கள் வெளியே நின்று எதிர்த்தார்கள். கதவு பூட்டியிருந்தாலும் நடைபாதையில் நின்று செபமாலை சொன்னார்கள்.

அடுத்து ஓவியம். அமெரிக்காவில் 1990-ல் ஓவியர்களின் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். மதிப்புப் பெற்ற படைப்பைச் சுவரின் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. இதற்குப் பல்லும் உண்டு. நியூயார்க்கில் 2013-ல் ஒரு கட்டடத்தின் ஓவியங்களுக்கு மேல் ராவோடு ராவாக வெள்ளையடித்தார்கள். நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. ஆனால் 1991 ஜூனுக்கு முன்னால் அடுத்தவர் சுவரில் வரைந்தவைக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. அப்படியே கைகொடுத்தாலும் அது ஓவியரின் உரிமை. அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்த தெருவுக்கு உரிமை என்று அதில் எதுவும் கிடையாது.

காசா அஸ்த்லான் விஷயத்தில் சட்டம் உதவவில்லை, சத்தம் உதவியது. சாம்பல் சுவர் முன்னால் மக்கள் கூடினார்கள், போராடினார்கள். கட்டடத்துக்காரர் இறங்கிவந்தார். அதே ரே பட்லானைக் கூப்பிட்டு அதே ஆண்டு அதே சுவரில் புது ஓவியம் வரைய ஒத்துக்கொண்டார். ஓவியம் திரும்ப வந்தது. ஆனால் சுவருக்குப் பின்னால் இருந்த இலவச வகுப்பும் சமூக இல்லமும் திரும்ப வரவில்லை. அங்கே இப்போது அபார்ட்மென்ட்.

'எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம்'

இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இதுதான்.

2019-ல் சிகாகோ நகராட்சி ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தது. 18வது தெருவும் அதைச் சுற்றியுள்ள 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் பாரம்பரியப் பகுதி, கூடவே சுவரோவியங்களுக்கும் பாதுகாப்பு. கேட்டால் 'சூப்பர்தானே?' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பில்சன்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். 2020 டிசம்பரில் நகரசபை அதை நிராகரித்தது.

ஏன்? பாரம்பரியக் கட்டடம் என்று முத்திரை விழுந்தால், ஜன்னல் மாற்றுவதற்குக்கூட அனுமதியும் விதியும் பார்க்க வேண்டும். செலவு ஏறும். சொந்தமாகச் சின்ன வீடு வைத்திருக்கிற மெக்ஸிகோ குடும்பத்துக்கு அது பாரம். முத்திரை விழுந்த ஏரியா என்றால் காசுக்காரர்களுக்கு இன்னும் கவர்ச்சி. வாடகையும் சொத்து வரியும் ஏறும் என்ற பயமும் இருந்தது. அது வெறும் பயம் இல்லை. 2000-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து வருஷத்தில் மட்டும் பில்சனிலிருந்து 10,000-க்கும் மேற்பட்ட லத்தீன் அமெரிக்க மக்கள் போய்விட்டார்கள்.

அவர்கள் கேட்டது என்னவென்றால்: எங்க ஓவியத்தை வச்சுக்கிட்டு எங்களை அனுப்பிட்டா, அந்த ஓவியம் யாருக்கு? காஃபிக் கடைக்கு பேக்கிரவுண்டா?

எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கவில்லை என்பதையும் சொல்லணும். முத்திரை இருந்தால் இடிப்பதாவது நிற்குமே என்று வாதாடியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். இடித்த கட்டடம் திரும்ப வராது.

ஆனால் நான் சாய்வது எதிர்த்தவர்கள் பக்கம். அதற்கு இரண்டு உதாரணம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஓவியர் ஹெக்டர் துவார்த்தே. பில்சனில் அவருடைய பட்டறைக் கட்டடத்தின் மூன்று பக்கமும் ஒரே ஓவியம். கலிவர் கதை தெரியும்தானே, குட்டி மனிதர்கள் கட்டிப்போட்ட ராட்சதன்? அவர் வரைந்த கலிவர் ஒரு மெக்ஸிகோ குடியேறி. அவனைக் கட்டியிருப்பது முள்கம்பி. அந்த ஓவியத்தின்மேல் வேறு யாரும் சாம்பல் பெயிண்ட் அடிக்க முடியாது. ஏன்னா அது அவர் சொந்தச் சுவர்.

இரண்டு, 1990-ல் இந்தப் பகுதியின் ஆறு கத்தோலிக்கப் பங்குகள் ஆளுக்கு 5,000 டாலர் போட்டு, 30,000 டாலரில் 'ரெஸரக்ஷன் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கின. தமிழில் சொன்னால் உயிர்ப்புத் திட்டம். அதன் வேலை, எளிய குடும்பங்கள் கட்டுப்படியாகிற விலையில் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் வழி செய்வது. கோயில் கட்டக் காசு போட்ட அதே பழக்கம்தான். இந்த முறை அந்தக் காசு கோபுரத்துக்குப் போகாமல், கோபுரத்தைச் சுற்றியிருக்கிற வீடுகளுக்குப் போனது.

செங்கல்லும் பெயிண்ட்டும் தானாக வாழாது. கோபுரத்துக்கு மணியடிக்க ஆள் வேண்டும், ஓவியத்துக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தூரிகையோடு ஆள் வர வேண்டும். அந்த ஆள் பக்கத்துத் தெருவில் குடியிருக்க முடிந்தால்தான் வருவார். அதனால் ஒரு சுவரைக் காப்பாற்றணும் என்றால், முதலில் அந்தத் தெருவின் வாடகையைப் பற்றிப் பேசணும். பில்சன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

உங்கள் ஏரியாவிலும் ஒரு சுவர் இருக்கும். பழைய கோயிலோ, பள்ளிவாசலோ, போன வருஷம் வரைந்த ஓவியமோ. அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது, அதற்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள், அடுத்த வருஷமும் அவர்களால் அங்கே இருக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் விசாரித்துப் பாருங்கள். தெரிந்ததை எனக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.